எலுமிச்சைக்கு எந்தப் பூச்சாடி?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. நான் பார்த்தவரை, இங்கே சாடியில் வைத்த எலுமிச்சை காய்ந்து சாவதைவிட, நீர் வடியாமல் அழுகிச் சாவதுதான் அதிகம். அதை நினைவில் வைத்துச் சாடி வாங்குங்கள்.

1. கடையிலேயே சாடியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் ஒற்றைத் துளை போதாது, நான்கைந்து வேண்டும். பெயிண்ட் வாளியும் நல்ல சாடிதான், அடியில் துளை போட்டுக்கொண்டால். அடியில் கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பார்கள். வடியாது; கல்லுக்கு மேலே மண்ணில் ஈரம் தேங்கும், வேருக்கு இடம்தான் குறையும். துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும்.

2. அளவில்தான் பலரும் ஏமாறுகிறோம். முழங்கால் உயர லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) ஒன்றை, "வளரப் போகிறதுதானே" என்று 24 அங்குலச் சாடியில் வைத்தேன். இரண்டே மாதத்தில் இலை மஞ்சளாகிக் கொட்டியது. நீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் கறுப்பு; சாக்கடை நாற்றம்; விரலால் உருவினால் தோல் கழன்று நார் மட்டும் கையில் நின்றது. சின்ன வேரால் அவ்வளவு மண்ணின் ஈரத்தையும் குடிக்க முடியாது. நர்சரியின் கறுப்புப் பையைவிட இரண்டு அங்குலம் அகலமான சாடியில் தொடங்குங்கள். அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும்போது அடுத்த அளவுக்கு மாற்றுங்கள். நன்கு வளர்ந்த கஸ்தூரிக்கு 16 முதல் 18 அங்குலம் போதும்.

3. வயிறு பெருத்து வாய் குறுகிய ஜாடி வேண்டவே வேண்டாம். மாற்றும் நாளில் ஒன்று ஜாடி உடையும், இல்லை வேர் அறுபடும்.

4. மண்சாடியா, பிளாஸ்டிக்கா? மழை படும் இடமா என்று பாருங்கள். கிள்ளானில் தரைவீட்டு முற்றம் என்றால் மண்சாடி. அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் கூரையுள்ள பால்கனிக்கு பிளாஸ்டிக் நல்லது. மேற்குப் பார்த்த பால்கனியில் கறுப்பு நிறம் மட்டும் வேண்டாம். மாலை வெயிலில் வேர் வெந்துவிடும்.

5. சீனப் புத்தாண்டு முடிந்ததும் பழத்தோடு தெருவில் வைத்துவிடும் கஸ்தூரிச் செடிகளைக் கண்டால் எனக்கு மனசு கேட்காது. கேட்டு எடுத்து வாருங்கள். சுற்றியிருக்கும் தங்கத்தாளை முதலில் கிழித்துவிடுங்கள், உள்ளே நீர் நிற்கும். அழகுக்காக மருந்தடித்து வளர்த்தது. முதல் பழங்களைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

6. சாடிக்கு அடியில் தட்டு வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசு வளர இடம் கொடுத்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. தட்டை எடுத்துவிட்டு, சாடியை மூன்று ஓட்டுத் துண்டுகள் மேல் நிறுத்துங்கள்.

7. 16 அங்குலச் சாடி நனைந்த மண்ணோடு 40 கிலோவைத் தாண்டும். பால்கனி கட்டைச்சுவர் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். கீழே பிள்ளைகள் விளையாடுவார்கள். லிமாவ் பூருட் வகை எலுமிச்சைக்கு முள் உண்டு, அதற்கு நடைபாதை ஓரமும் ஆகாது.

8. வாங்க சுங்கை பூலோ போங்கள். அங்கே 1930-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் குணமானவர்கள் செடி வளர்த்துப் பிழைத்தார்கள். அங்குள்ள நர்சரிகளுக்கு அப்படியொரு வேர் இருக்கிறது. மண்கலவையும் கிடைக்கும்: மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல்.

9. நட்டதும் ஒரு வாளி நீரை மெல்ல ஊற்றிக் குனிந்து பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் ஒழுக வேண்டும். ஒழுகவில்லையா, அன்றைக்கே செடியை வெளியே எடுத்துத் துளையைப் பெரிதாக்குங்கள்.