எதிரில் உங்களைவிடத் தேர்ந்தவரா? நல்லது!

ஜியு-ஜிட்சு வகுப்பில் நீங்கள் வெள்ளை பெல்ட். மாஸ்டர் உங்களை ஓர் ஊதா பெல்ட்டோடு ஜோடி சேர்க்கிறார். அநேகமாக நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன கற்றுக்கொள்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

1. சின்ன இலக்கு ஒன்று போதும்

ஜெயிப்பதையே குறியாக வைத்தால் ஒவ்வொரு சுற்றும் ஏமாற்றம்தான். "முதல் ஒரு நிமிடம் என் கால்களைத் தாண்டி அவரை வரவிட மாட்டேன்", "மேலே ஏறி உட்கார்ந்துவிட்டால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துத் தப்பப் பார்ப்பேன்" என்று ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். அது நடந்துவிட்டால், கடைசியில் மாட்டினாலும் அன்றைக்கு லாபமே.

2. முரட்டு பலம் வேண்டாம்

பதற்றத்தில் மூச்சடக்கி இழுத்தால் இரண்டாவது நிமிடத்திலேயே கை மரத்துவிடும். நீங்கள் முரண்டு பிடித்தால் அவரும் இறுக்குவார். நிதானமாக ஆடினால் பெரும்பாலும் அவரும் நிதானிப்பார். அப்போதுதான் அவர் செய்வது உங்கள் கண்ணில் படும்.

3. சீக்கிரம் தட்டுங்கள்

1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவோடு மோதினார் பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் ஹீலியோ கிரேசி. கிமுராவின் கைப்பூட்டில் சிக்கிய கை முறிந்தும், தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாக அவர் தட்டவில்லை. அவர் தரப்பினர்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அது பந்தயம். பயிற்சியில் அந்த வீம்பு காட்டினால் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பின்பற்ற வேண்டியது அதன் பிறகு நடந்ததை: பிரேசில்காரர்கள் அந்தப் பூட்டுக்கு 'கிமுரா' என்றே பெயர் வைத்துத் தங்கள் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

4. தொடக்கத்தைக் கேளுங்கள்

சுற்று முடிந்ததும், "அண்ணா, இந்தக் கழுத்துப்பிடிக்கு நான் எந்த இடத்துல வழி விட்டேன்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பிடி விழுவதற்கு இரண்டு மூன்று அசைவுகளுக்கு முன்பே தவறு நடந்திருக்கும். ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவரும் களைத்திருப்பார்.

5. வீட்டுப்பாடம் செய்யுங்கள்

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ மாணவராக இருந்தபோது, தன்னைவிடக் கனமான சக மாணவர் ஒருவரை வீழ்த்த முடியாமல் திணறினார். மேலைநாட்டு மல்யுத்த நூல்களைத் தேடிப் படித்து, தோளில் தூக்கி எறியும் உத்தி ஒன்றோடு திரும்பி வந்தார். இன்று ஜூடோவில் அதற்குக் கதா-குருமா என்று பெயர்.

அலுவலகத்தில்

உங்கள் வேலையைக் கூர்மையான சீனியர் ஒருவர் அலசும்போதும் இதையே செய்யலாம். எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முன்பே தீர்மானியுங்கள். ஒவ்வொரு குறைக்கும் சமாதானம் சொல்லாதீர்கள். புரியாத இடத்தில், "புரியல சார்" என்று உடனே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அதே தவறோடு போகாதீர்கள். சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு வருகிற ஜூனியருக்குத்தான் சீனியர்கள் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குவார்கள்.