மத்தியானம் மட்டும் மக்கர் செய்யும் ஏசி

மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். அதன் பிறகு ஏசி மெக்கானிக்கைப் பிடிப்பது லேசான காரியமில்லை. புகாரும் பல வீடுகளில் ஒன்றாகவே இருக்கும்: ராத்திரி ஜில்லென்று ஓடுகிறது, மத்தியானம் இரண்டு மணிக்கு நின்றுவிடுகிறது. “கேஸ் இறங்கிடுச்சு, ஏத்திடுங்க” என்று வீட்டுக்காரரே வைத்தியமும் சொல்லிவிடுவார்.

அவசரப்பட வேண்டாம். கேஸ் குறைந்திருந்தால் ராத்திரியும் குளிர் போதாது. உள்ளே இருக்கும் காயிலில் ஐஸ் கட்டும். வெயில் உச்சியில் மட்டும் நிற்கிற மெஷினில் பெரும்பாலும் கோளாறு நேரெதிரானது. அறையில் உறிஞ்சிய சூட்டை அவுட்டோர் யூனிட்டால் வெளியே தள்ள முடியாமல், குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. அதில் இன்னும் கேஸ் ஏற்றினால் அழுத்தம் மேலும் கூடும்; காசோடு கம்ப்ரசரும் போகலாம்.

இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ்தான். காயில் சுத்தமாக இருந்தால், வெளியே 42 டிகிரி அடிக்கும்போது அது 55 டிகிரி வாக்கில் குளிர்ந்து திரவமாகும். அழுத்தம் 500 பி.எஸ்.ஐ.யை ஒட்டி நிற்கும். காயிலில் அழுக்கு அடைத்து அந்த 55 என்பது 63, 64 ஆனால் அழுத்தம் 600-ஐத் தொடும். பெரிய மெஷின்களில் ஏறக்குறைய அந்த இடத்தில் ஹை பிரஷர் சுவிட்ச் துண்டித்துவிடும். சிறிய ஸ்ப்ளிட்டுகள் குழாயின் சூட்டை சென்சாரால் அறிந்து நிறுத்திக்கொள்ளும். இன்வெர்ட்டர் ஏசி நிற்பதற்கு முன்பு வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும். மார்ச் மாதமே “முன்ன மாதிரி குளிரல” என்று தோன்றியிருந்தால், கோளாறு அப்போதே ஆரம்பித்திருக்கலாம்.

ஏப்ரல் முடிவதற்குள் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். முன்னால் ஃபேன் பளிச்சென்று தெரியும். தூசி சேரும் காயில் சுவரைப் பார்த்தபடி பின்னால் இருக்கிறது. திருப்பூரில் அங்கே பஞ்சுத்தூசி கம்பளி போலப் படிந்திருக்கும், சென்னை அடுக்குமாடிகளில் புறா கூடு கட்டியிருக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளையே அரித்துவிடும். தொட்டால் உதிரும் காயிலைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கழுவுவதாக இருந்தால் முதலில் எம்.சி.பி.யை அணைக்க வேண்டும். மெல்லிய தண்ணீரே போதும். ஜெட் பம்பை நேராகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழி அடைபடும். எலக்ட்ரானிக் போர்டு இருக்கும் பக்கம் ஈரம் படக்கூடாது. தினமும் போர் தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பது சிலரின் வழக்கம். உப்புத்தண்ணீராக இருந்தால் சில மாதங்களில் காயிலில் வெள்ளைப் படிவு ஏறிவிடும்.

அடுத்தது காற்று. பால்கனிக்கு அழகாகக் கிரில் போட்டு, மழைக்கு ஷீட் அடித்து, முன்னால் வாஷிங் மெஷினையும் நிறுத்தினால், தான் விட்ட சூடான காற்றையே யூனிட் திரும்ப இழுக்கும். நிழல் நல்லதுதான், காற்றை மறிக்காத வரை. ஃபேன் தயங்கிச் சுற்றினாலோ, கிளம்ப நேரம் எடுத்தாலோ, பழைய மாடல்களில் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கக்கூடும். அது மலிவான பொருள். மெக்கானிக்கை விட்டு மாற்றிவிடலாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் மெஷின் நின்றால், போன முறை கேஸ் போட்ட விதத்தைச் சந்தேகிக்கலாம். வேக்யூம் போடாமல் ஏற்றியிருந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு. ராத்திரி முழுக்க ஓடாத மெஷினில், அறையும் வெளியும் 30 டிகிரியாக இருக்கும் காலை நேரத்தில், ஆர்-32 சுமார் 265 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். முள் அதற்கு வெகு மேலே நின்றால் காற்று கலந்திருக்கிறது என்று பொருள். கேஸ் அளவுக்கு மீறி இருப்பதை இந்தச் சோதனை காட்டாது. இரண்டுக்குமே பரிகாரம் ஒன்றுதான்: உள்ளே இருப்பதை முழுக்க எடுத்து, வேக்யூம் போட்டு, யூனிட்டின் லேபிளில் அச்சிட்டிருக்கும் எடையைத் தராசில் வைத்து ஏற்றுவது. மெக்கானிக்கைக் கூப்பிடும்போதே தராசும் வேக்யூம் பம்பும் கொண்டு வருவாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்-32 தீப்பற்றக்கூடியது என்பதால், அந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் விளக்கோ சிகரெட்டோ கூடாது.