அலுமினிய விசிறியில் வர்ணம் நிலைக்க

நமது கடற்கரைப் பஞ்சாயத்துகளில் வெளிப்பொருத்து எஞ்சின் பூட்டிய பைபர் படகு இல்லாத குப்பம் இன்று அரிதே. அவ்வெஞ்சின்களின் அடியில் சுழலும் விசிறி பெரும்பாலும் அலுமினியக் கலப்பு உலோகத்தால் வார்க்கப்பட்டதாகும். வாங்கும்போது வர்ணம் பூசப்பட்டுப் பளபளவென்றிருக்கும் அது, கடற்கரை மணலிலும் உப்புநீரிலும் உழன்று ஓரங்களில் வெளுத்து, வெண்பொடி பூத்து, பின்னர் குழி விழத் தொடங்குகிறது. படகுக்காரர் ஒரு டப்பா எனாமல் வாங்கிப் பூசுகிறார். சில தடவை கடலுக்குச் சென்று திரும்புவதற்குள் அது செதில் செதிலாக உரிந்து விடுகிறது. இவ்வாறு வர்ணத்துக்குச் செலவிட்ட பணம் வீணாவது ஒருபுறமிருக்க, ஓரம் சிதைந்து குழி விழுந்த விசிறி சமநிலை தவறி அதிர்கிறது; எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது; ஆயில் சீல்களும் தேய்கின்றன. ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்தல் நலம்.

கடைக்காரர் மட்டமான வர்ணத்தைக் கொடுத்துவிட்டார் என்று குறை கூறுவோர் பலர். பெரும்பாலும் குற்றம் வர்ணத்தில் இல்லை. அது பூசப்படும் பரப்பில்தான் இருக்கிறது. அலுமினியம் காற்றுப் பட்டவுடனே தன்மீது ஆக்சைடு என்னும் மிக மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொள்ளும் உலோகம். அப்படலமே அதற்குக் கவசம். ஆனால் அது வழவழப்பானது. சாதாரண வர்ணத்துக்கு அதில் பிடிப்புக் கிடைப்பதில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து வெண்பொடியாகிவிட்ட இடத்திலோ, வர்ணம் உலோகத்தைப் பற்றாமல் பொடியையே பற்றுகிறது. பொடி உதிரும்போது வர்ணமும் கூடவே உதிர்கிறது. உப்பு சிறிதளவு உள்ளே தங்கிவிட்டாலும் அது வர்ணத்தினூடே ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளங்களை உண்டாக்கும். இரும்புக்கென்று செய்யப்பட்ட ரெட் ஆக்சைடை அடிப்பூச்சாகக் கொள்வதும் இதில் பயன் தராது. (விவசாய அன்பர்கள் பம்ப்செட் அறையின் புதிய துத்தநாகத் தகட்டில் எனாமல் பூசி, அது உரிந்ததைக் கண்டிருப்பார்கள். உலோகம் வேறாயினும் பாடம் ஒன்றே: இரும்புக்கு ஏற்றது எல்லா உலோகத்துக்கும் ஏற்றதன்று.)

வேலையில் பெரும்பகுதி வர்ண டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எஞ்சின் தற்செயலாகக் கிளம்பாதவாறு ஸ்பார்க் பிளக் இணைப்பைக் கழற்றிவிட்டு, விசிறியை எடுத்து நல்ல தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிறகு சோப்பு நீரால் தேய்த்துக் கிரீஸையும் புகைக்கரியையும் அகற்ற வேண்டும். பல எஞ்சின்களில் புகை விசிறியின் நடுக்குழாய் வழியே வெளியேறுவதால் அங்கே எண்ணெய்ப் பசை மிகுதி. அதைத் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடைப்பது அவசியம். பசையைப் போக்காமல் தேய்த்தால் உப்புத்தாள் அதைப் பரப்பு முழுவதும் இழுத்துப் பூசிவிடும். காஸ்டிக் சோடாவை உபயோகிக்கவே கூடாது. அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

அடுத்து 80 அல்லது 120 எண்ணுள்ள உப்புத்தாளால், பளபளப்பு மறைந்து உலோகம் ஒரே சீராக மங்கலாகத் தோன்றும்வரை தேய்க்க வேண்டும். குழிகளுக்குள் வெண்பொடி சிறிதும் இருத்தல் ஆகாது. சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் புதைந்து அரிப்புக்கு வித்தாகும். இதழ் ஓரத்திலுள்ள கூர்மையான பிசிறுகளை மெல்லிய அரத்தால் நீக்குக. கூர்முனையில் வர்ணம் தங்காமல் விலகி ஓடுவதாலேயே உரிதல் முதலில் ஓரத்தில் தொடங்குகிறது. எனினும் இதழின் உருவத்தை மாற்றிவிடலாகாது.

தேய்த்தபின் தூசியைத் துடைத்து, அன்றைய தினமே, கூடுமானால் சில மணி நேரத்துக்குள்ளாகவே அடிப்பூச்சைப் பூசிவிட வேண்டும். இரவு முழுவதும் திறந்து வைத்தால் உப்புக்காற்று பட்ட பாடு வீணாகும். காலைப் பனி நீங்கி, பிற்பகல் கடற்காற்று எழுமுன் உள்ள நேரம், நிழலான ஓரிடம், இவ்விரண்டும் நமது கரைக்குப் பொருத்தமானவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களைத் தவிர்க்கலாம்.

அடிப்பூச்சாக, அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் குறிப்பிடப்பட்ட, இரு பாகங்களைக் கலந்து பூசும் எப்பாக்சி பிரைமரே நாம் சிபாரிசு செய்வது. முதலில் ஓரங்களுக்கு மட்டும் ஒரு கை கொடுத்துவிட்டு, பிறகு முழுவதும் மெல்லியதாக இரண்டு பூச்சுக் கொடுக்க வேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் டப்பாவில் குறித்துள்ள இடைவேளையைக் கடந்துவிட்டால் முதற்பூச்சு இறுகிவிடும். அதை மீண்டும் தேய்த்த பின்னரே மேலே பூசலாம். எப்பாக்சி வெயிலில் பொடிந்து வெளிறும் குணமுடையதாகையால், மேலே பாலியூரித்தேன் பூச்சு வேண்டும். இதைக் காற்றோட்டமான இடத்தில் பிரஷால் பூசுக. தகுந்த முகக்கவசமின்றித் தெளிக்கலாகாது. ஒரு இதழில் தடிப்பாகவும் மற்றதில் மெல்லியதாகவும் பூசினால் அதிர்வு உண்டாகும். தண்டு நுழையும் உட்பல் பகுதியில் வர்ணம் படக்கூடாது.

ஒரு தவறு மட்டும் மிகுந்த நஷ்டத்தைத் தரும். பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் செம்புச் சத்துள்ள வர்ணத்தை விசிறிக்கும் பூசுவோர் உண்டு. செம்பும் அலுமினியமும் கடல்நீரில் சேர்ந்தால் மின்கலம் போலாகி, அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். இதே காரணம் பற்றியே எஞ்சினின் அடியில் துத்தநாகம் முதலிய உலோகக் கட்டி பொருத்தப்பட்டுள்ளது. அது தான் கரைந்து மற்றதைக் காக்கிறது. அதன்மீது வர்ணம் பூசினால் காவல்காரனைக் கட்டிப் போட்டதற்கு ஒப்பாகும். பாதி கரைந்ததும் புதிது மாற்ற வேண்டும். நாள்தோறும் கரையேற்றப்படும் படகின் விசிறியில் கொட்டலசு பற்றுவதற்கு அவகாசமே இல்லை. அதற்குப் பாசித்தடுப்புப் பூச்சு வீண்செலவு என்பது நமது கருத்து.

செலவைப் பற்றியும் கூற வேண்டும். இரு பாகப் பூச்சு, எனாமலைவிட விலை அதிகம். கலந்தபின் சில மணி நேரத்தில் இறுகிவிடுவதால் மிச்சம் வைக்கவும் இயலாது. ஒரு விசிறிக்குத் தேவையானதோ சிறிதளவே. ஆகையால் ஐந்தாறு படகுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வேலையை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஆகும் செலவு வெகுவாகக் குறையும். பஞ்சாயத்து உறுப்பினர்களும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரும் இதற்கு முன்னின்று உதவலாம்.

இவ்வளவும் செய்தாலும் இதழ் நுனிகளில் வர்ணம் என்றென்றும் நிற்காது. மணல் அதைத் தேய்க்கும். மேலும் வேகமாகச் சுழலும்போது நுனியருகே அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் தோன்றி, உடனே உடைந்து, சிறு சுத்தியல் போலப் பரப்பை அடிக்கின்றன. எனவே உலோகம் தெரியும் இடத்தை அவ்வப்போது கழுவி, தேய்த்து, திட்டுத் திட்டாகப் பூசிவிடுக. கரையேறியதும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுவது, இரண்டாவது டப்பா வர்ணத்தைவிட அதிகப் பயன் தரும்.

திரும்பப் பூட்டும்போது தண்டில் கடல்நீரைத் தாங்கும் கிரீஸ் தடவுக. இல்லையேல் அலுமினியம் எஃகோடு இறுகிக்கொள்ளும். வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே மாட்டி, புதிய பின் செருகுக. அதற்கு முன் விசிறியின் பின்புறம் தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்போ வலை நூலோ சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது நன்று. அது ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் நீர் உட்புகுந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் வர்ணத்தை ஒத்திவைத்து, முதலில் மெக்கானிக்கிடம் எஞ்சினைக் காட்ட வேண்டும்.