எந்த லேப்டாப் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூன்று லேப்டாப்களின் விவரங்களையும் பார்த்தேன். ஒன்று மேக்புக் ஏர். இன்னொன்று கேமிங் லேப்டாப். மூன்றாவது, அலுவலகங்களில் கொடுப்பார்களே, அதுபோன்ற சாதாரண விண்டோஸ் லேப்டாப். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் என எல்லாவற்றுக்கும் நிரல் எழுத இவற்றில் எது சரி என்று கேட்டிருக்கிறாய். அப்பா கடன் வாங்கித்தான் தரப்போகிறார் என்று அம்மா சொன்னாள். அதனால் ஒரு வரியில் பதில் சொல்லாமல் காரணங்களோடு எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கணினியை விட்டுவிட்டு முதலில் செயலியைப் பார்ப்போம். நீங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்யப்போவது குழந்தைகள் தமிழ் வாசிக்கப் பழகும் செயலி. அதை யார், எதில் திறப்பார்கள்? நம் ஊரில் அம்மா அப்பாவின் போனில் திறப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஆண்ட்ராய்டு போன். பள்ளிக் கணினி அறையில் பழைய விண்டோஸும் இருக்கலாம், லினக்ஸும் இருக்கலாம். கதைகளையும் ஒலிக்கோப்புகளையும் தரும் சர்வர் அநேகமாக லினக்ஸாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் பெற்றோர் ஐபேடுக்கும் வேண்டும் என்று பிறகு கேட்பார்கள். இந்த வரிசையை மாற்றாதே. ஆண்ட்ராய்டு முதலில், ஐபேட் பிறகு.

நீ கேட்ட அந்த ஐந்து தளங்களில் உண்மையாகவே பூட்டுப் போட்ட கதவு ஒன்றுதான், அது ஆப்பிளுடையது. ஐபோனுக்கோ ஐபேடுக்கோ செயலி கட்ட எக்ஸ்கோட் என்ற மென்பொருள் வேண்டும். எக்ஸ்கோட் மேக்ஓஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும். மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் தயாரித்த கணினியில் மட்டுமே ஓட்டலாம் என்று அதன் உரிம ஒப்பந்தமே சொல்கிறது. விண்டோஸ் லேப்டாப்பில் மேக்ஓஎஸ்ஸை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஒரு புதுப்பிப்பு வந்தாலே அது நின்றுபோகும். உரிமத்துக்கும் அது புறம்பு. மற்ற எல்லாக் கதவுகளும் எந்தக் கணினியிலிருந்தும் திறக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். லினக்ஸை எதற்குள்ளும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸை மேக்கில்கூட மெய்நிகர் கணினியாக ஓட்டலாம்.

அப்படியானால் மேக்கை வாங்கிவிட்டால் எல்லாம் கையில் இருக்குமே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. நாளைக்கே ஐபோன் செயலி செய்வதுதான் உன் வேலை என்றால் நானும் மேக்தான் வாங்கச் சொல்வேன். பேட்டரி நன்றாக நிற்கும், டெர்மினலும் யூனிக்ஸ் வழி வந்தது. ஆனால் அதில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும் நாளில் எடுத்த அளவுதான் கடைசிவரைக்கும். அடிப்படை மாடலில் வரும் சேமிப்பு இடமோ ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எக்ஸ்கோட், ஒரு மெய்நிகர் விண்டோஸ் மூன்றையும் வைத்தால் மூச்சு முட்டும். அதற்கு மேல் எடுக்கப்போனால் விலை அப்பாவின் கடனைத் தாண்டும். ஆப்பிளின் கடையில் செயலியை வைக்க ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டாலர். படித்துக்கொண்டிருக்கும் நான்கு பேருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

அதனால் மேக்கை இப்போது வாங்க வேண்டாம், தள்ளிப் போடு. செயலியை ஃப்ளட்டரில் எழுதினால் ஒரே நிரல் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் போகும். உங்கள் நிரலைக் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தால், கிட்ஹப்பின் மேக் கணினிகளில் அதைக் கட்டிப் பார்க்கும் வசதி இலவசமாகவே கிடைக்கும். ஐபோனுக்கான பதிப்பு பிழையில்லாமல் கட்டுகிறதா என்பதை அதில் தினமும் தெரிந்துகொள்ளலாம். கையில் வைத்துத் தொட்டுப் பார்க்க மட்டும் உண்மையான மேக்கும் ஐபேடும் ஒருநாள் வேண்டியிருக்கும். செயலியை நாலு பேர் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, நீங்கள் நால்வரும் சேர்ந்து ஒரு மேக் மினி வாங்கலாம். 2024 கடைசியில் வந்த எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமோடு 59,900 ரூபாயில் தொடங்கியது. திரையும் விசைப்பலகையும் உங்களுடையதாக இருந்தால் போதும்.

இடையில் ரிச்சி தெருவில் பழைய மேக்புக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், உள்ளே இன்டெல் பிராசசரா என்று பார். 2020-இலிருந்து ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறிவிட்டது. 2025-இல் வந்த டஹோ என்ற மேக்ஓஎஸ் பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று அறிவித்தும் விட்டது. இன்டெல் மேக்கில் போடும் பணம் வீண். 8 ஜிபி ரேம் உள்ள பழைய எம்1 மேக்புக்கும் உன் வேலைக்குப் போதாது.

ஆகவே என் தேர்வு அந்த மூன்றாவது, சாதாரண லேப்டாப். விண்டோஸ் 11 அதில் இருக்கட்டும். அதற்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் 2 என்ற வசதி மூலம் உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றிக்கொள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் இதை அறிவித்ததிலிருந்து விண்டோஸுக்குள் உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது. ஹோம் பதிப்பு போதும், ப்ரோவுக்குக் காசு கொடுக்காதே. சர்வர் பக்கத்து நிரலை அங்கே எழுது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை மட்டும் விண்டோஸிலேயே நேரடியாக வை, போனைக் கேபிளில் இணைத்துச் சோதிக்க அதுதான் தொந்தரவில்லாத வழி. ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சர்வர் நிரலை சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸிலிருந்து எட்டிப் பிடிக்காதே, ஒவ்வொரு கோப்புக்கும் எல்லை தாண்டிப் போய்வர வேண்டியிருப்பதால் இழுத்துக்கொண்டே இருக்கும். லினக்ஸின் சொந்த ஃபோல்டரில் வைத்தால் பறக்கும்.

லினக்ஸைத் தனியாக நிறுவி டூயல் பூட் செய்யும் ஆசை உனக்கு எப்படியும் வரும். வரட்டும், ஆனால் முதல் ஆறு மாதம் பொறு. செய்யும்போது விண்டோஸின் பிட்லாக்கர் மீட்புச் சாவியை முதலில் காகிதத்தில் எழுதி வை. அது கைவசம் இல்லாமல் பூட் அமைப்பைத் தொட்டால் உன் கோப்புகளே உனக்குத் திறக்காமல் போகலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடு. இல்லையென்றால் விண்டோஸ் முழுதாக மூடாமல் தூங்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. இரண்டுக்கும் மாறி மாறிப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டும், பயந்துவிடாதே. கணினியின் உள்கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், உலக நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். நமக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை மணி. ஒரே கட்டளையில் சரியாகிவிடும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸைத் திறக்கவே விடாமல் செய்தது. இரண்டு எஸ்எஸ்டி போடும் வசதியுள்ள லேப்டாப்பாக இருந்தால் லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி கொடு. அதுகூட இதற்கு முழுக் காப்பு ஆகாது. ஆனாலும் ஒன்று தகராறு செய்தால் மற்றதைத் தொடாமல் சரிசெய்யலாம்.

பல இயங்குதளங்களில் சோதிக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேனே, காரணம் இருக்கிறது. உன் கதைப் படம் ஒன்றின் கோப்புப் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குகிறது என்று வை. நிரலில் அதைச் சிறிய எழுத்தில் எழுதிவிடுகிறாய். விண்டோஸிலும் மேக்கிலும் படம் தெரியும், ஏனென்றால் வழக்கமான அமைப்பில் அவை இரண்டும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படம் காணாமல் போகும். விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கும், லினக்ஸ் அதைப் பார்த்துத் திணறும். கிட்டில் வரி முடிவுக்கான அமைப்பை முதல் நாளே செய்துவிடுங்கள்.

தமிழில் இது இன்னும் நுணுக்கமாகிறது. உங்கள் செயலியில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பேன். "கொக்கு" என்று ஒரு ஒலிக்கோப்புக்குப் பெயர் வைக்கிறாய். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். ஆனால் லினக்ஸுக்கு அவை வெவ்வேறு கோப்புப் பெயர்கள். பழைய மேக்குகளின் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. புதியது எழுதியபடியே சேமித்து, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. ஆக மேக் வைத்திருக்கும் தோழியிடம் ஒலிக்கும் கொக்கு, சர்வரில் ஊமையாகும். தேடல் பெட்டியிலும் இதே சிக்கல் வரும். உள்ளே வரும் தமிழ் எதுவானாலும் ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சேமிக்கும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவும் அப்படித்தான். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என் என ஒவ்வொன்றின் அகலமும் வேறு. ஒன்றில் பொத்தானுக்குள் அழகாக அடங்கும் சொல் இன்னொன்றில் பாதியாக வெட்டுப்படும். வாசிக்கப் பழகும் குழந்தைக்கு முன்னால் வெட்டுப்பட்ட சொல் வரக்கூடாது, கண்ணு. நோட்டோவைச் செயலியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள், அதன் உரிமம் அதற்கு இடம் தருகிறது.

இனிப் பணத்தை எதில் போடுவது என்று சொல்கிறேன். முதலில் ரேம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. கூடவே உபுண்டுவும் பிரவுசரும் ஓட வேண்டும். 16-க்குக் குறைந்து வாங்காதே. ஒரு ஸ்லாட்டாவது திறந்திருக்கிறதா, பிறகு 32 ஆக்க முடியுமா என்று கேள். விவரத்தாளில் எல்பிடிடிஆர் என்று இருந்தால் அந்த ரேம் பெரும்பாலும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, கூட்ட முடியாது. எஸ்எஸ்டி 512 ஜிபி இருக்கட்டும்.

பிராசசரில் பெயரைப் பார்த்து ஏமாறாதே. ஏஎம்டியின் 2023 வரிசையில் 7520யு, 7530யு, 7540யு மூன்றும் ரைசன் 5 என்றே விற்றன. மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்று சொல்லும். 7520யு-வில் இருப்பது 2019-இல் வந்த ஜென் 2. 7540யு-வில் ஜென் 4. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே பளபளப்போடு இருக்கும். இன்டெலில் எண்ணின் கடைசி எழுத்தைப் பார்: யு என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது, எச் என்றால் வேகம் கூடியது, சூடும் கூடியது. உனக்கு எது வந்தாலும் சரி, தலைமுறை பழையதாக இருக்கக்கூடாது. ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்பைக் காட்டினால் வேண்டாம் என்று சொல். அதில் லினக்ஸைத் தனியாக நிறுவும் வழி இன்னும் பக்குவப்படவில்லை.

கேமிங் லேப்டாப் வேண்டாம். அந்தக் கிராபிக்ஸ் கார்டுக்கு உன் செயலியில் வேலையே இல்லை. அதற்காகக் கூடுதல் எடையும் பெரிய சார்ஜரும் தினமும் பேருந்தில் உன் தோளில் தொங்க வேண்டுமா? திரை 14 அங்குலம் போதும், 16:10 விகிதம் என்றால் நிரலில் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். விசைப்பலகையைக் கடையிலேயே கொஞ்ச நேரம் தட்டிப் பார்.

ஒரு செலவில்லாத யோசனை. 2011-இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் கிடைத்த லேப்டாப் உங்கள் நால்வரில் யார் வீட்டிலாவது அலமாரியில் கிடக்கும். அதைத் தூசி தட்டி லுபுண்டு போன்ற இலேசான லினக்ஸை ஏற்றுங்கள். பள்ளிக் கணினி அறையில் உங்கள் செயலி எப்படி ஓடும் என்று புது லேப்டாப் காட்டாது, அந்தப் பழையதுதான் காட்டும். போனிலும் அப்படியே. வீட்டில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டு போனைச் சோதனைக்கு வைத்துக்கொள்.

கடைக்குப் போகும்போது உபுண்டு ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுபோ. நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் திறந்து பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று பார். வைஃபை சிப் இன்டெலுடையது என்றால் நிம்மதி. பிராட்காம் என்றால் லினக்ஸில் மல்லுக்கட்ட நேரிடலாம். கடைக்காரர் அனுமதிக்கவில்லை என்றால் சண்டை வேண்டாம். உபுண்டுவில் ஓடும் என்று சான்றளிக்கப்பட்ட லேப்டாப்களின் பட்டியலை அதைத் தயாரிக்கும் கேனோனிக்கல் நிறுவனமே வெளியிடுகிறது, அதில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

நீ அனுப்பியதில் மூன்றாவது லேப்டாப்பின் வரிசைப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஒரே பெயரில் பத்து விதம் வரும். முழு மாடல் எண் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து, பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. ரேம் ஸ்லாட் திறந்ததா, இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து அன்றிரவே சொல்லிவிடுகிறேன். அப்பாவிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு, எந்தப் பணம் எதற்குப் போகிறது என்று அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அன்புடன்,
உன் பெரியம்மா