புளித்தது வேறு, ஊசியது வேறு

சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கும் நாட்களில், செட்டிக்குளம் பக்கத்துக் கொல்லைகளில் காலை ஒன்பது மணிவாக்கில் வரிசையாகத் தூக்குவாளிகள் திறக்கும். அடியில் பழைய சோறு, மேலே தெளிந்து நிற்கும் நீராகாரம். வெஞ்சனத்துக்கு எங்கும் போக வேண்டாம். குவியலிலிருந்து இரண்டு வெங்காயத்தை எடுத்து, தோலை உரித்து, வரப்புக் கல்லில் வைத்து ஒரு குத்து. அவ்வளவுதான்.

பெரம்பலூர்ப் பக்கம் பெரும்பாலும் மானாவாரி: பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அரியலூரின் தெற்கே திருமானூர், தா.பழூர் பக்கம் போனால் கொள்ளிடத்துத் தண்ணீரில் நெல். 2007-இல் மாவட்டம் இரண்டானது. காலைப் பழையது பிரியவில்லை. ஆனால் அதைப் பற்றிய பேச்சு தலைகீழாகிவிட்டது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூச்சப்பட்டு மறைத்துச் சாப்பிட்ட சோறு, இன்று நகரத்து ஓட்டல்களில் மண்சட்டியில் விலைக்கு வருகிறது. அன்றைய ஏளனமும் மிகை, இன்றைய புகழும் மிகை. மிஞ்சிய சோற்றைச் சுற்றிப் புழங்கும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: பழைய சோறு என்றாலே கெட்டுப்போன சோறு.

உண்மை: ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடியதும், காற்று குறைந்த அந்த நீருக்குள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. சோற்றிலிருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் ஏற ஏற, கெடுக்கும் கிருமிகளுக்கு இடமில்லாமல் போகிறது. தயிர் உறைவதிலும் இட்லி மாவு புளிப்பதிலும் இதே கூட்டத்தின் கைவரிசைதான். ஜெர்மானியர் முட்டைக்கோஸைச் சீவி, கிலோவுக்குச் சுமார் 20 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்து, அதன் சாற்றிலேயே அமுக்கிவைத்துப் புளிக்க விடுவார்கள். சவர்க்ராட் என்று பெயர். 1768-இல் எண்டெவர் கப்பலில் புறப்பட்ட ஜேம்ஸ் குக், மாலுமிகளுக்கு ஸ்கர்வி வராதிருக்க அதை ஏற்றிக்கொண்டார். மாலுமிகள் முதலில் தொடவில்லை. அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் சொன்னார் குக். அதன்பின் அவர்களும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மண்சட்டி ஓட்டல்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது.

ஊசிப்போவது வேறு கதை. ஊசிய சோறு நூல் விடும், கொழகொழக்கும், வாடை முகத்தைத் திருப்ப வைக்கும். மேலே கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பூசணம் தெரிந்தால், அதை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் சிக்கனம் வேண்டாம்.

நம்பிக்கை: மோந்து பார்த்தால் தெரிந்துவிடும், சந்தேகம் என்றால் ஒரு கொதி கொதிக்க வைத்தால் போதும்.

உண்மை: இரண்டுமே போதாது. மண்ணிலிருந்து அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், உலை கொதிப்பில் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அவற்றில் சில உண்டாக்கும் வாந்தி நஞ்சுக்கு வாடை கிடையாது. மறுபடி கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. ஆகவே பழைய சோற்றின் தலையெழுத்து காலையில் அல்ல, முந்தின நாளே எழுதப்படுகிறது. சாப்பாடு முடிந்ததும் மிஞ்சியதை அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சோறு முழுகத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மதியம் வடித்து, இரவு பத்து மணி வரை குக்கருக்குள்ளேயே கிடந்த சோற்றுக்கு அதன்பின் ஊற்றும் தண்ணீர் காவல் ஆகாது.

அந்தத் தண்ணீரும் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். ‘புளிப்பு எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும்’ என்று தொட்டித் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. பழைய சோறு அதற்குமேல் அடுப்பேறுவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: தண்ணீர் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதுவும் பழைய சோறுதான்.

உண்மை: அது ஈரமான குளிர்ந்த சோறு. லாக்டிக் பாக்டீரியாக்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் அவை சுருண்டு படுத்துவிடும். அப்படி வைத்ததைச் சாப்பிடுவதில் தவறில்லை, ஆனால் புளிப்பின் பலனை அதில் எதிர்பார்க்க முடியாது. வெளியே ஒரு ராத்திரி புளித்து, காலையில் சாப்பிட்டது போக மிஞ்சியதை உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் மேற்கொண்டு புளிப்பது மட்டுப்படும். மறுநாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

நம்பிக்கை: புளிக்கப் புளிக்கச் சத்து கூடும்.

உண்மை: கணக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும். மார்கழிப் பனியில் விடிந்த பிறகும் புளிப்பு எட்டிப் பார்க்காது. பெரம்பலூரின் சித்திரை வெயிலில் கோழி கூவுவதற்குள் முழுப் புளிப்பு ஏறியிருக்கும். அளவு தாண்டினால் ஈஸ்ட்டும் பூசணமும் சேர்ந்துகொள்ளும், சோறு கரையும், கள் வாடை அடிக்கும். அப்போது அது பழையதின் எல்லையைக் கடந்துவிட்டது.

நம்பிக்கை: ஒரே ராத்திரியில் சோற்றின் இரும்புச்சத்து 21 மடங்காகிறது.

உண்மை: 100 கிராம் சோற்றின் 3.4 மில்லிகிராம் இரும்பு, பன்னிரண்டு மணி நேரத்தில் 73.91 ஆகிறது என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா எவ்வளவு பாடுபட்டாலும் இல்லாத இரும்பை உண்டாக்க முடியாது. கூடுதலாக வந்தால் தண்ணீரிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோதான் வந்திருக்கும். புளிப்பு செய்யக்கூடியது வேறு: இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட்டை ஓரளவு உடைத்து, உள்ளதை உடம்பு எடுத்துக்கொள்ள வழிவிடும். இந்தியப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர் 2020-இல் வகுத்த அளவு. வாட்ஸ்அப் கணக்கு சரியென்றால், ஒரு கிண்ணம் பழையதிலேயே அது தீர்ந்து மிச்சமும் விழும். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. கீரையும் பயறும் தட்டில் இருக்கட்டும். கூடவே ஒரு துண்டு மாங்காயோ நெல்லிக்காயோ கடித்துக்கொண்டால், அதன் வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

நம்பிக்கை: பி12 கிடைக்கும், சர்க்கரையைக் குறைக்கும், குடல் நோயெல்லாம் தீரும்.

உண்மை: மீன், முட்டை, பால் எதுவும் தொடாதவர்கள் பி12-க்குப் பழைய சோற்றை நம்பியிருக்க முடியாது, லாக்டிக் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அதைப் போதுமான அளவு தருவதில்லை. சோறு ஆறும்போது மாவுச்சத்தின் சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. மீதி அத்தனையும் சர்க்கரையாகத்தான் ஆகும். சர்க்கரை நோயுள்ளவருக்குப் பழையதிலும் அளவு அளவுதான். குடல் விஷயத்தில், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்தது நல்ல காரியம். அதைக் காட்டி மாத்திரையை நிறுத்துவது நல்ல காரியம் அல்ல. கைக்குழந்தைகளும், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும்.

நம்பிக்கை: சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் சோற்றில் எது இருந்தாலும் முறிந்துவிடும்.

உண்மை: இதை நம் ஊரில் சொல்லும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்களுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் ஓரளவு உண்டு. அதன் நார்ச்சத்து குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு இரை. பழையதும் வெங்காயமும் நல்ல ஜோடி என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஊசிய சோற்றின் நஞ்சை எந்த வெங்காயமும் முறிக்காது. வெங்காயத்தை வெட்டிவைத்தால் வீட்டுக் கிருமியை உறிஞ்சிவிடும் என்பதும் வெறும் பேச்சு.

நம்பிக்கை: மண்பானை இல்லாவிட்டால் பழைய சோறு சரிவராது.

உண்மை: எவர்சில்வர் தூக்கே போதும். மண்பானையின் சிறப்பு, மேலே கசியும் ஈரம் ஆவியாகிச் சோற்றைச் சற்றுக் குளிர்ச்சியாக வைத்திருப்பது. கோடையில் புளிப்பு தலைதெறிக்க ஓடாமல் அது பிடித்து வைக்கும். கூடாதவை அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும். புளிப்பு அவற்றை அரித்து உலோகத்தைச் சோற்றில் இறக்கும். அரிசியில் புழுங்கல் அரிசி மேல்: நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வடித்த கஞ்சியை ஆற்றிச் சோற்றிலேயே ஊற்றினால், கஞ்சியோடு போக இருந்த சத்தும் வீட்டிலேயே தங்கும்.

நம்பிக்கை: மிஞ்சிய பழையதைக் கரைத்துக் குடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உண்மை: வழி நிறைய உண்டு. ஒரு கரண்டி நீராகாரத்தை அன்றிரவு புதுச்சோற்றுத் தண்ணீரில் விட்டால், தயிருக்கு உறை போல் அது வேலையைச் சீக்கிரம் தொடங்கி வைக்கும். பிழிந்த சோற்றில் ஒரு கைப்பிடியை ஆப்ப மாவோடு அரைக்கலாம். சீரகம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்து மசித்துக் கிள்ளி வைத்தால் மூன்று நாள் வெயிலில் வடகம். கடுகும் வெங்காயமும் தாளித்து வதக்கலாம். சூட்டில் உயிருள்ள பாக்டீரியா போய்விடும், புளிப்பு ருசி நிற்கும்.

எங்கள் அத்தை இந்த விஞ்ஞானம் எதுவும் படித்தவரில்லை. அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது: உச்சிப் பொழுது தாண்டிய பழையது மனுசருக்கு இல்லை. தூக்கைக் கவிழ்த்துக் கழுநீர்ப் பானையில் ஊற்றிவிடுவார், மாடு பார்த்துக்கொள்ளும். மிஞ்சியதற்கும் போய்ச் சேர ஓர் இடம் வீட்டு வாசலிலேயே இருந்ததால், அதை நாளைக்கு என்று எடுத்துவைக்கும் ஆசை யாருக்கும் வரவில்லை. இன்று மாடும் இல்லை, கழுநீர்ப் பானையும் இல்லை. அந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் நிற்கிறது; அது எதையும் ‘கொட்டு’ என்று சொல்வதில்லை. அத்தை சொன்னதை இனி நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.