பின்னிய மோதிரம்: எது எந்த வகை?

பல வளையங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் மோதிரம் கையில் கிடைத்தால் எல்லாரும் முதலில் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். பற்றிய கைகள் இருக்கின்றனவா, முடிச்சு இருக்கிறதா, தங்கம் எத்தனை நிறம் என்று. ஏமாறுவதும் அங்கேதான். முகப்பை வார்ப்பில் எப்படி வேண்டுமானாலும் கொண்டுவந்துவிடலாம். வளையங்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதுதான் வகையைச் சொல்லும். அது உள்ளங்கைப் பக்கம் தெரியும் என்பதால், மோதிரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு வெள்ளைத் துணி, தையல் நூல், நல்ல வெளிச்சம், இவ்வளவு போதும். எதையும் அசைக்கும் முன் மோதிரத்தை நான்கு பக்கமும் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். வளையங்கள் கலைந்துவிடும் போலத் தோன்றினால், கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சேர்த்து நூலால் கட்டிவிடுங்கள். பின்னால் மீண்டும் கோக்கும்போது இந்த நூலின் அருமை தெரியும்.

முதல் படி, உண்மையிலேயே பல வளையங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டு பட்டைகளுக்கு நடுவில் நூலை விட்டு, மோதிரத்தைச் சுற்றி முழுவதும் இழுத்துப் பாருங்கள். நூல் எங்கும் நுழையாவிட்டால் அது ஒரே வார்ப்பு; பட்டைகளாகத் தெரிவது வெறும் வரிப்பள்ளம். முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் தடுத்தால், பட்டைகள் பின்னால் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. நகைக்கடைகளில் ஹாரெம் மோதிரம் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த ரகம்: அடுக்காகத் தெரியும், ஆனால் எதுவும் எதற்குள்ளும் கோத்திருக்காது. அவசரப்பட்டு ஒதுக்கிவிடவும் வேண்டாம். அடிக்கடி கலைந்து தொல்லை கொடுத்த அசல் புதிர் மோதிரத்தை (அந்த வகை கீழே வரும்) சிலர் பத்தரிடம் கொடுத்து நிரந்தரமாக ஒட்டவைத்துவிடுவார்கள். லென்ஸில் பார்த்தால் அந்த ஒட்டின் நிறம் சற்று வேறாகத் தெரியும். முன்பக்கப் பட்டைகளுக்கு நடுவே இடைவெளியும் அப்படியே இருக்கும்.

கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துப் பய்யன்னூரில் செய்யப்படும் பவித்திர மோதிரத்தையும் இங்கேயே தனியே எடுத்து வைத்துவிடலாம். முடிச்சுபோலப் பின்னித் தெரியும் அழகான வேலைப்பாடுதான். ஆனால் வளையங்கள் தனித்தனியாக அசையாததால் நம் கணக்கில் வராது.

நூல் எங்கும் ஒட்டில் முட்டி நிற்கவில்லை என்றால் அடுத்த படி. துணியின் மேல் பிடித்துக்கொண்டு, ஏதாவது ஒரு வளையத்தை மட்டும் மேலே தூக்குங்கள். மற்றவை என்ன செய்கின்றன என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

மூன்று வட்ட வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உருண்டால் அது ரஷ்யத் திருமண மோதிரம் எனப்படும் வகை. இதில் எந்த வளையத்தைத் தூக்கினாலும் மற்ற இரண்டும் நேராக அதிலிருந்தே தொங்கும். ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்குள்ளும் கோத்திருக்கிறது. கூட்டிச் சேர்க்க வேண்டிய வடிவம் என்று ஒன்றும் இல்லை, விரலில் போட்டாலே சேர்ந்துகொள்ளும். 1924-இல் பாரிஸின் கார்ட்டியே நிறுவனம் கொண்டுவந்த டிரினிட்டி மோதிரமும் இந்த அமைப்புதான். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என மூன்று நிறத் தங்கம். பிரெஞ்சுக் கவிஞர் ழான் கொக்தோ அதில் இரண்டைச் சுண்டுவிரலில் சேர்த்து அணிந்ததில் அதன் புகழ் இன்னும் பரவியது. அதற்காக மூன்று நிறம் கண்டவுடன் கார்ட்டியே என்று சொல்லிவிடக் கூடாது. இந்த அமைப்பில் உலகம் முழுக்கப் பட்டறைகள் மோதிரம் செய்கின்றன. உள்பக்க முத்திரையைப் பாருங்கள். 18 காரட் என்றால் 750 என்று இருக்கும். மூன்று நிறமும் 22 காரட், அதாவது 916 என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்படுங்கள். 22 காரட்டில் மற்ற உலோகங்களுக்கு மிஞ்சுவது நூற்றுக்கு எட்டு பங்குதான். தங்கத்தின் மஞ்சளை மறைத்து வெள்ளையாக்க அது போதாது. அந்த வெள்ளை, மேலே போட்ட ரோடியம் முலாமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று வளையங்கள் என்றவுடன் போரோமிய வளையம் என்று சொல்பவர்களும் உண்டு. அதைச் சரிபார்க்க ஒரு கேள்வி போதும்: ஒன்றை மனத்தில் வெட்டி எடுத்துவிட்டால் மீதி இரண்டும் கோத்தே இருக்குமா? இருந்தால் அது போரோமியம் இல்லை. போரோமிய அமைப்பில் எந்த இரண்டும் நேரடியாகக் கோத்திருக்காது. மூன்றும் இருந்தால்தான் கட்டு, ஒன்று போனால் எல்லாமே விடுபடும். அசல் வட்டமான, தட்டையான, வளையாத மூன்று வளையங்களால் இதைச் செய்யவே முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட ஒன்று. எனவே அப்படிப்பட்ட மோதிரத்தின் வளையங்கள் நெளிந்தோ நீள்வட்டமாகவோதான் இருக்கும். இதே குணமுள்ள ஒரு பின்னலைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள விரும்பும் சென்னைக்காரர்கள் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலுக்குப் போகலாம். அங்கே தூணில் மூன்று முக்கோணங்கள், எந்த இரண்டும் நேரடியாகக் கோக்காமல், பின்னியிருப்பதைச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே போவது எது, கீழே போவது எது என்று விரலை வைத்துத் தொடர்ந்து பாருங்கள்.

தூக்கியவுடன் முகப்பே குலைந்து, நெளிந்த கம்பிகள் ஒரு கொத்தாகத் தொங்கினால் அது புதிர் மோதிரம். நான்கு வளையம் உள்ளதே அதிகம் கிடைக்கும். ஆறு, எட்டு என்றும் உண்டு. ஒவ்வொரு வளையத்தையும் தனியே பாருங்கள். பின்பாதி சாதாரணமாக, மெல்லியதாக இருக்கும். முன்பாதியில் மட்டும் வளைவுகள். அந்த வளைவுகள் ஒன்றன் பள்ளத்தில் மற்றொன்று அமர்ந்தால்தான் முடிச்சு உருவாகும். துருக்கியில் கணவன் வெளியூர் போகும்போது மனைவிக்கு இதை அணிவிப்பான், அவள் கழற்றினால் காட்டிக்கொடுத்துவிடும் என்றொரு கதையைக் கடைக்காரர்கள் தவறாமல் சொல்வார்கள். கதையாகக் கேட்டுக்கொள்ளலாம். கோக்கத் தெரிந்த மனைவியிடம் இந்த ஏற்பாடு எப்படிச் செல்லும் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு அல்லது மூன்று பட்டைகள் மட்டும் இருந்து, கலையாமல் விசிறிபோல விரிந்தால் அது ஜிம்மல். பழமையில் ஆர்வமுள்ளவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய வகை இதுதான். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் திருமண மோதிரமாகப் புழங்கியது. அடிப்பக்கம் சிறு அச்சாணி இருக்கலாம். அல்லது பட்டைகள் சங்கிலிக் கண்ணிபோல ஒன்றுக்குள் ஒன்று போயிருக்கலாம். உறுதியான அடையாளம் பட்டைகள் ஒட்டும் முகம்: வெளிப்பக்கம் உருண்டிருக்கும், உள்ளே இணையும் பக்கம் தட்டையாக இருக்கும். மூடினால் ஒரே மோதிரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. அந்தத் தட்டை முகத்தில் லென்ஸை வைத்துப் பாருங்கள். மணமக்கள் பெயரோ, கடவுள் சேர்த்ததை மனிதர் பிரிக்கக் கூடாது என்ற பைபிள் வாசகமோ பொறித்திருக்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 1631 என்று ஆண்டு பொறித்த ஜெர்மன் ஜிம்மல் ஒன்று இருக்கிறது. விரித்தால் கல்லுக்கு அடியில் இரண்டு சிறு குழிகள்; ஒன்றில் குழந்தை, மற்றதில் எலும்புக்கூடு. கல்யாண மோதிரத்துக்குள் இதை வைத்துக் கொடுத்தவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

பற்றிய கைகள் முகப்பில் இருந்தால் அது ஃபேடே என்ற உருவம். உரோமானியர் காலத்திலிருந்தே இருக்கும் இந்த உருவம் ஒற்றை மோதிரத்திலும் வரும், ஜிம்மலிலும் வரும். கைகள் விரிந்து உள்ளே இதயம் தெரிந்தால் அதை ஃபேடே ஜிம்மல் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரு கைகள் முடிசூடிய இதயத்தை ஏந்தியிருந்தால் அது அயர்லாந்தின் கால்வே பகுதிக்குரிய கிளாடா மோதிரம். பெரும்பாலும் ஒரே வளையம்தான்.

ஒரு அகலப் பட்டைமேல் மெல்லிய வளையங்கள் சுழன்றால் அது சுழல் மோதிரம். உள்பட்டையின் இரு ஓரமும் சற்று விரிந்து மற்றவற்றைத் தடுத்திருக்கும். கோப்பு எதுவும் இல்லை.

வகை தெரிந்த பிறகுதான் அளவு மாற்றும் பேச்சு. உருளும் மூன்று வளைய மோதிரம் சாதாரண மோதிரத்தைவிட இறுக்கமாக உணரப்படும். கடையில் சற்று நேரம் போட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள். அதைப் பெரிதாக்க மூன்றையும் தனித்தனியே வெட்டி ஒட்ட வேண்டும் என்பதால் கூலி கூடும். புதிர் மோதிரத்தில் ஒரு வளையம் கொஞ்சம் பிசகினாலும் முடிச்சு உட்காராது. அந்த வேலை பழகிய பத்தரைத் தவிர யாரிடமும் கொடுக்காதீர்கள். எழுத்துப் பொறித்த பழைய ஜிம்மலை மட்டும் வெட்டவே வேண்டாம். விரலுக்குச் சேரவில்லையென்றால் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.