சுருதிப் பெட்டியும் பணப்பெட்டியும்

மாட்டுங்காவில் சண்முகானந்த அரங்கத்துக் கச்சேரிக்குச் செல்லும் ரசிகரும், செம்பூரில் மாலைப் பாட்டு வகுப்புக்கு விரையும் மாணவியும், தாராவியின் சிறிய வீடொன்றில் விடியற்காலையில் சாதகம் செய்யும் இளைஞரும் இன்று ஒரே கருவியை நம்பியிருக்கின்றனர். தம்புரா வைக்க இடமில்லாத நகர வீடுகளுக்கு முதலில் மின்னணுச் சுருதிப் பெட்டி வந்தது. இப்பொழுது அதன் பணியையும் கைப்பேசிச் செயலி ஏற்றுக்கொண்டுள்ளது. குருநாதர் பாடிக்காட்டிய பாடங்களின் ஒலிப்பதிவுகளும் அதிலேயே உள்ளன; நம் வங்கிக் கணக்கைத் திறக்கும் வாயிலும் அதுவே.

கைப்பேசியின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் இசைச் செயலி இயங்காமற் போவதுண்டு. இக்குறை பெரும்பாலும் தீர்க்கக்கூடியதே. ஆனால் அதைத் தீர்க்கும் அவசரத்தில் நாம் செய்யும் பிழை, பணப்பெட்டியையே திறந்துவிடக்கூடும். ஆகவே காரணங்களை முதலில் அறிந்துகொள்வோம்.

பாடல்கள் தென்படவில்லையெனில்

2022இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 13 முதல், படங்களுக்கும் காணொளிகளுக்கும் ஓர் அனுமதி, இசைக்கும் ஒலிக்கும் மற்றோர் அனுமதி எனக் கோப்புகளின் அனுமதி பிரிக்கப்பட்டது. மேலும், பல மாதங்கள் திறக்கப்படாத செயலிக்கு அளித்த அனுமதிகளை இயங்குதளம் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு. அனுமதி இல்லாத செயலியின் கண்ணுக்குப் பாடல்கள் புலப்படா. அவை அழிந்துவிட்டன என்று கொள்ளவேண்டியதில்லை. அமைப்புகள் பகுதியில் அச்செயலியைத் தேர்ந்து, இசை மற்றும் ஒலிக்கான அனுமதியை அளித்தால் போதும்.

சுருதி பாதியில் நின்றால்

திரை அணைந்த சிறிது நேரத்தில் சுருதி நின்றுவிட்டால், மின்கலச் சேமிப்பே பெரும்பாலும் காரணம். பின்னணியில் இயங்கும் செயலிகளைக் கட்டுப்படுத்தும் முறை ஆண்ட்ராய்டில் 2015 முதல் வலுப்பெற்று வந்துள்ளது. புதுப்பித்தலுக்குப் பின் இக்கட்டுப்பாடு சில கைப்பேசிகளில் மேலும் கடுமையாகலாம். அந்த ஒரு செயலிக்கு மட்டும் மின்கலக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம்.

செயலி திறக்கவே மறுத்தால்

செயலி பழையதாகிவிட்டது என்பதே இதற்குப் பெரும்பாலும் பொருள். 2017 செப்டம்பர் 19 அன்று வெளிவந்த ஐஓஎஸ் 11, 32-பிட் முறையில் எழுதப்பட்ட செயலிகளை ஏற்க மறுத்தது. தம்மைப் பேணும் ஆளில்லாத பல சிறு செயலிகள் அன்றோடு மௌனமாயின. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14, ஆண்ட்ராய்டு 6க்கு முற்பட்ட விதிகளின்படி அமைந்த செயலிகளைப் புதிதாக நிறுவ அனுமதிப்பதில்லை.

இது பயனரைத் துன்புறுத்தும் விதியன்று. அப்பழைய விதிகளின்படி, நிறுவும்போதே செயலி கேட்ட அனுமதிகள் அனைத்தும் அதற்குக் கிடைத்துவிடும். அந்த வசதியைப் பயன்படுத்தவே தீய செயலிகளை உருவாக்குவோர் அவற்றைப் பழையனபோல் அமைத்து வந்தனர். அவ்வாயிலே இப்பொழுது அடைக்கப்பட்டுள்ளது.

இங்கே நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஏற்கெனவே கைப்பேசியில் உள்ள பழைய செயலி, ஆண்ட்ராய்டு 14க்கு மாறிய பின்னரும் அங்கேயே இருக்கும். அதை நீக்கிவிட்டால் மீண்டும் நிறுவ இயலாது. அதன் தனி இடத்தில் சேமித்த ஒலிப்பதிவுகளும் உடன் அழிந்துவிடும். எனவே, பதிவுகளை வேறிடத்தில் படியெடுத்து வைக்காமல் எச்செயலியையும் நீக்கலாகாது.

அவசரத்தின் விலை

செயலி கிடைக்காத நிலையில், யாரோ அனுப்பிய ஏ.பி.கே. கோப்பை நிறுவிக்கொள்ளும் எண்ணம் எழுவது இயல்பு. வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தே அக்கோப்பு வந்திருக்கலாம். அனுப்பியவர் நல்லெண்ணத்துடனேயே அனுப்பியிருக்கலாம். எனினும் அதனுள் இருப்பது சுருதி மட்டுந்தானா என்பதை அவரும் அறியார்.

சுருதி எழுப்பும் செயலிக்குக் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி எதற்கு? திரையில் உள்ளவற்றைப் படித்து, நமக்காகத் தானே பொத்தான்களை அழுத்தும் அணுகல்தன்மை அனுமதி எதற்கு? இவற்றைக் கேட்கும் செயலி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லை நமக்கு முன்பே படித்துவிடக்கூடும்.

இயங்குதளத்தைப் பழைய பதிப்புக்குத் திருப்புவதும் தீர்வன்று. அம்முயற்சியில் கைப்பேசியில் உள்ளவை பொதுவாக அழிந்துவிடும். மாற்றியமைக்கப்பட்ட கைப்பேசியில் வங்கிச் செயலிகள் பல இயங்குவதும் இல்லை. புதுப்பித்தலையே தவிர்ப்பதும் தவறு. பாதுகாப்புக் குறைகளை அடைப்பது அதுவே.

நாம் பின்பற்றவேண்டிய முறை

1. புதுப்பிக்கும் முன், ஒலிப்பதிவுகளைக் கணினியிலோ நினைவக அட்டையிலோ படியெடுத்து வைத்தல்.

2. புதுப்பித்த பின், பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாகச் செயலிகள் அனைத்தையும் புதுப்பித்தல்.

3. அனுமதியையும் மின்கல அமைப்பையும் சரிபார்த்தல்.

4. அப்பொழுதும் இயங்காவிடில், அதே பணியைச் செய்யும் வேறொரு செயலியை அதிகாரபூர்வ அங்காடியிலேயே தேடுதல்.

5. பழைய செயலியை விடவே மனமில்லையெனில், வங்கிச் செயலியும் சிம் அட்டையும் இல்லாத பழைய கைப்பேசியொன்றைச் சாதகத்துக்கென ஒதுக்குதல்.

ஐயத்துக்குரிய செயலியை நிறுவிவிட்டதாக உணர்ந்தால், உடனே அக்கைப்பேசியின் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியைத் தொடர்புகொள்ள வேண்டும். பணம் போயிருப்பின் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரளிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிச் செல்லும். மீட்பதும் அந்த அளவுக்குக் கடினமாகும்.

சுருதி இல்லாத ஒருநாள் காலையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தை இழந்த காலையைப் பொறுப்பது எளிதன்று. கைப்பேசி மௌனமான அன்று, வாய்விட்டு ஒரு சட்ஜமம் பிடித்துச் சாதகத்தைத் தொடங்குவோம். செயலியை ஆற அமரச் சரிசெய்துகொள்வோம்.